பத்துப் பென்னியில் ஓர் உளவாளி

2018-ம் ஆண்டு பிரிட்டனின் அரசு நாணயச்சாலை, பத்துப் பென்னி காசை 26 வடிவங்களில் அடித்து வெளியிட்டது. ஆங்கில அரிச்சுவடியில் எழுத்துக்கு ஒரு காசு. பிரிட்டன் என்றதும் நினைவுக்கு வருகிற ஏதோ ஒன்று ஒவ்வொன்றிலும் இருக்கும். ‘சி’க்கு கிரிக்கெட். ‘டி’க்கு மாடி பஸ். ‘ஈ’க்கு இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட். ‘எஃப்’புக்கு ஃபிஷ் அண்டு சிப்ஸ். ‘க்யூ’வுக்கு என்ன தெரியுமா? வரிசையில் நிற்பது! ‘பி’ வந்தபோது பக்கிங்ஹாம் அரண்மனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பிபிசி இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு அந்தக் காசை ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்தார்கள்.

கிரிக்கெட்டை ஆடலாம், பஸ்ஸில் ஏறலாம், மீனைச் சாப்பிடலாம். பாண்ட் வெறும் கற்பனை ஆள். ‘எங்கள் ஆள்’ என்று பிரிட்டன் மார்தட்டிக்கொள்ளும் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களைத் தேடிப் போனால், அதில் பிரிட்டிஷ்காரர்களைப் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். முதல் படத்தின் தயாரிப்பாளர்கள் இருவர். ஆல்பர்ட் ப்ரோக்கலி நியூயார்க்கில் பிறந்தவர், ஹாரி சால்ட்ஸ்மேன் கனடாக்காரர். பணம் போட்டது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். ப்ரோக்கலியும் சால்ட்ஸ்மேனும் தொடங்கிய ஈயான் நிறுவனத்தின் படங்களில் இதுவரை பாண்டாக நடித்தவர்கள் ஆறு பேர். ஷான் கானரி ஸ்காட்லாந்துக்காரர். ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலியர். திமோத்தி டால்டன் பிறந்தது வேல்ஸில். பியர்ஸ் பிராஸ்னன் அயர்லாந்து. இங்கிலாந்து மண்ணிலேயே பிறந்தவர்கள் என்றால் ரோஜர் மூரும் டேனியல் கிரெய்க்கும்தான்.

ஆனால் கல்லாப்பெட்டிக்கு இந்தப் பூர்வீக ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. 2012 அக்டோபர் 26-ம் தேதி பிரிட்டன் தியேட்டர்களுக்கு வந்த ‘ஸ்கைஃபால்’ அங்கே மட்டும் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்த நாட்டில் அந்தத் தொகையைத் தொட்ட முதல் படம் அதுதான். அதுவரை முதலிடத்தில் உட்கார்ந்திருந்த ‘அவதார்’ படத்தை 40 நாளில் கீழே இறக்கியது. 2021-ல் வந்த ‘நோ டைம் டு டை’ கணக்கு இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து அதன் வசூல் சுமார் 16 கோடி டாலர். பிரிட்டனில் மட்டும் சுமார் 13 கோடி டாலர். அந்தப் பக்கம் இருக்கும் ஜனத்தொகை இந்தப் பக்கத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஹாலிவுட்டின் பெரிய படங்கள் பலவற்றுக்கும் பிரிட்டன் ஒரு நல்ல வெளிநாட்டுச் சந்தை, அவ்வளவுதான். பாண்ட் படத்துக்கு அது தாய்வீடு.

தாய்வீட்டில் அவரைக் கும்பிடுகிறார்களா என்றால், இல்லை. பாலாபிஷேகமும் கிடையாது, கட்-அவுட்டும் கிடையாது. மாறாக, விடாமல் கிண்டல் செய்கிறார்கள். அவருடைய மார்ட்டினியை, புருவத்தை, சிலேடை வசனங்களை, பெண்களிடம் வழிவதை எல்லாம் அறுபது வருஷமாக நையாண்டி செய்துகொண்டே டிக்கெட் எடுக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, அந்த நையாண்டிதான் அங்கே பாண்டின் பலம். தேசப்பற்றை உரக்கச் சொல்லக் கூச்சப்படும் படித்த பிரிட்டிஷ்காரர்கூட, இருட்டு தியேட்டரில் பாண்ட் உலகத்தைக் காப்பாற்றும்போது கைதட்டலாம். வெளியே வந்ததும் ‘சும்மா தமாஷ் படம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற வேறொரு கதாநாயகன் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அந்தத் தேவை எங்கிருந்து வந்தது என்று தெரிய 1950-களுக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்த இயன் ஃப்ளெமிங், ஜமைக்காவில் ‘கோல்டன்ஐ’ என்று பெயர் வைத்த தன் கடலோர வீட்டில் உட்கார்ந்து எழுதிய முதல் பாண்ட் நாவல் ‘கேசினோ ராயல்’. 1953 ஏப்ரலில் வெளியானது. போரில் ஜெயித்து எட்டு வருஷம் ஆகியும் பிரிட்டனில் அப்போது இறைச்சிக்கு ரேஷன். சர்க்கரைக்கும் ரேஷன். ரேஷன் முழுதாக ஒழிந்ததே 1954 ஜூலையில்தான். அப்படி அட்டையைத் தூக்கிக்கொண்டு கசாப்புக் கடையில் நின்றவர்கள் படித்த நாவலில், நாயகன் பிரெஞ்சு ஓட்டலில் கேவியர் சாப்பிடுகிறார். பலர் கண்ணால்கூடப் பார்த்திராத அவகாடோவைச் சாவகாசமாக வரவழைக்கிறார். கொலையும் காதலும் இருக்கட்டும், அந்தச் சாப்பாட்டு மேஜையே முதலில் வாசகர்களை மயக்கியிருக்கும்.

மூன்று வருஷத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. 1956-ல் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை தேசியமயமாக்க, அதை மீட்கப் பிரான்சையும் இஸ்ரேலையும் கூட்டிக்கொண்டு கிளம்பிய பிரிட்டன், அமெரிக்கா ஒரு அதட்டல் போட்டதும் திரும்பி வந்தது. பிரதமர் ஆண்டனி ஈடன் உடம்பும் மனசும் உடைந்துபோனார். ஓய்வெடுக்க அவர் போன இடம் எது தெரியுமா? ஜமைக்காவில் ஃப்ளெமிங்கின் அதே கோல்டன்ஐ வீடு. திரும்பி வந்தவர் 1957 ஜனவரியில் பதவி விலகினார். ஏகாதிபத்தியத்தின் கதை முடிந்துகொண்டிருந்தபோது அதன் பிரதமர், பாண்ட் பிறந்த வீட்டில் படுத்திருந்தார். நாவலாசிரியர் எவராவது இப்படி எழுதியிருந்தால் ‘ரொம்பத்தான் ஜோடிக்கிறார்’ என்று சொல்லியிருப்போம். அந்தச் செய்தியால் ஃப்ளெமிங்கின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. 1957-ல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ அவருடைய நாவலைத் தொடராகப் போட்டது. 1958-ல் பாண்ட் அதே பத்திரிகையில் படக்கதையாகவும் வரத் தொடங்கினார்.

முதல் படமான ‘டாக்டர் நோ’வின் பிரீமியர் 1962 அக்டோபர் 5, லண்டன் பெவிலியன் தியேட்டரில். பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு ‘லவ் மீ டு’ கடைக்கு வந்ததும் அதே நாள். இந்தத் தற்செயலைப் பற்றிப் பேசாத பிரிட்டிஷ் எழுத்தாளர் இல்லை. ஆனால் அந்த நாளைச் சுற்றி நடந்த வேறு சில விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் பாண்டின் வேலை புரியும். படத்தில் ஜமைக்கா பிரிட்டனின் காலனி. ஆளுநர் மாளிகை, வெள்ளை அதிகாரிகள், கிளப் எல்லாம் இருக்கும். படம் ரிலீஸ் ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே, 1962 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஜமைக்கா சுதந்திரம் வாங்கிவிட்டது. நிஜத்தில் கொடி இறங்கிய தீவில், திரையில் பிரிட்டிஷ் உளவாளி இன்னும் ஒழுங்கை நிலைநாட்டிக்கொண்டிருந்தார்.

நிஜ உளவாளிகள் எப்படி இருந்தார்கள்? மானம் போகிற கதை. அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்த பர்ஜெஸ்ஸும் மெக்லீனும் 1951-ல் ரஷ்யாவுக்கு ஓடிப்போயிருந்தார்கள். எம்.ஐ.6 அதிகாரி ஜார்ஜ் பிளேக், ரஷ்யர்களின் ஆள் என்று 1961-ல் தெரியவந்து 42 வருஷ சிறைத்தண்டனை பெற்றார். ‘டாக்டர் நோ’ ஓடிக்கொண்டிருந்த அதே அக்டோபரில், கடற்படைத் தலைமையகத்தின் குமாஸ்தா ஜான் வாசல் ரஷ்யாவுக்கு ரகசியம் விற்றதற்காக 18 வருஷம் உள்ளே போனார். மூன்று மாதம் கழித்து, எம்.ஐ.6-ன் நட்சத்திரமாக இருந்த கிம் ஃபில்பி பெய்ரூட்டில் காணாமல் போய் மாஸ்கோவில் முளைத்தார். பிளேக்கையாவது பூட்டி வைத்தார்களா என்றால், 1966-ல் லண்டன் சிறையின் சுவர் ஏறித் தப்பிவிட்டார்! அந்தக் காலத்துப் பேப்பரின் முதல் பக்கத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறை என்றால் துரோகமும் கோட்டைவிடுதலும்தான். சினிமா பக்கத்தில் மட்டும் அது ஜெயித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் மீறி, கானரி மட்டும் அந்த வேஷத்துக்கு வராமல் போயிருந்தால் பாண்ட் ஒரு மேட்டுக்குடி சமாச்சாரமாகவே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். நாவலில் பாண்ட், ஈட்டன் பள்ளியில் படித்த ஆள். ஃப்ளெமிங்கும் ஈட்டன்தான். அவர் மனதில் டேவிட் நிவன் மாதிரி நாசூக்கான கனவான்கள் இருந்தார்கள். வந்து சேர்ந்தவரோ எடின்பரோவின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, கூட்டுறவுச் சங்கத்துக்காகக் குதிரை வண்டியில் பால் ஊற்றியவர். சவப்பெட்டிக்கு பாலிஷ் போடும் வேலையும் பார்த்தவர். ஃப்ளெமிங்குக்கு முதலில் பிடிக்கவில்லை. இயக்குநர் டெரன்ஸ் யங் விடவில்லை. கானரியைத் தன் சொந்தத் தையல்காரரிடம் அழைத்துப்போய் சூட் தைத்துக் கொடுத்து, உடம்போடு ஒட்ட வேண்டும் என்று அதை மாட்டிக்கொண்டே தூங்கச் சொன்னார் என்பார்கள். எந்த முள்கரண்டியை எப்போது எடுப்பது என்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும், கானரியின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு மட்டும் போகவில்லை.

வாயைத் திறந்ததும் எந்த வகுப்பில் பிறந்தவர் என்று எடைபோடுகிற நாட்டில், அந்த உச்சரிப்போடு ஒருவர் ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி சூதாட்ட மேஜையில் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கிளாஸ்கோவின் கப்பல்பட்டறைத் தொழிலாளிக்கும் லிவர்பூலின் துறைமுகத் தொழிலாளிக்கும் எப்படி இருந்திருக்கும்! எழுதியவரும் பிறகு இறங்கி வந்தார். 1964-ல் வெளியான ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ நாவலில் பாண்டின் அப்பாவை ஸ்காட்லாந்தின் கிளென்கோ ஊர்க்காரராக எழுதினார். ஹீரோவின் குலம் கோத்திரத்தையே நடிகர் மாற்றிவிட்டார்.

அந்த 1964 ஆகஸ்டில் ஃப்ளெமிங் 56 வயதில் இறந்துபோனார். அடுத்த மாதம் 17-ம் தேதி லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் ஓடியன் தியேட்டரில் ‘கோல்ட்ஃபிங்கர்’ பிரீமியர். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் தியேட்டரின் கண்ணாடிக் கதவு உடைந்தது. அதற்கடுத்த ‘தண்டர்பால்’ படத்துக்கு பிரிட்டனில் ஒன்றரைக் கோடிக்கு மேல் டிக்கெட் விற்றதாகப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் கணக்கு சொல்கிறது. மொத்த ஜனத்தொகையே அப்போது ஐந்தரைக் கோடிக்குள்.

தனியாகப் படம் பார்க்க அனுமதி இல்லாத பொடியன்கள் கையிலும் பாண்ட் போய்ச் சேர்ந்தார். ‘கோல்ட்ஃபிங்கரில்’ வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி-5 காரை உள்ளங்கையில் அடங்கும் பொம்மையாக 1965-ல் கோர்கி நிறுவனம் கொண்டுவந்தது. தயாரானது வேல்ஸின் ஸ்வான்சீ நகரத்தில். ஒரு பொத்தானை அமுக்கினால் முன்னால் இரண்டு துப்பாக்கி நீட்டும். பின் கண்ணாடியை மறைத்து ஒரு கவசத் தகடு எழும்பும். இன்னொன்றைத் தட்டினால் கூரை திறந்து பக்கத்து சீட்டில் இருக்கும் வில்லன் வெளியே பறந்து விழுவான். குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய அந்த வில்லன், முதல் நாளே கட்டிலுக்கு அடியில் தொலைந்துபோவான் என்று கம்பெனிக்கும் தெரியும். அதனால் பெட்டிக்குள்ளேயே உபரியாக ஒரு வில்லனை வைத்துக் கொடுத்தார்கள். படத்தில் வெள்ளி நிறத்தில் வந்த கார், பொம்மையில் தங்க நிறம். வெள்ளி அடித்தால் பெயின்ட் அடிக்க மறந்த வெறும் உலோகம் மாதிரித் தெரிகிறது என்று மாற்றிவிட்டார்களாம். அந்த வருஷத்தின் சிறந்த பொம்மை விருது அதற்குத்தான். இன்று அறுபதைத் தாண்டிய பிரிட்டிஷ் தாத்தாக்களிடம் பாண்ட் என்று சொன்னால், படத்தைவிட இந்தக் காரைத்தான் முதலில் சொல்வார்கள்.

எழுபதுகளில் பிரிட்டனில் சினிமா தேய்ந்துகொண்டே போனது. போர் முடிந்த கையோடு வருஷத்துக்கு 160 கோடி டிக்கெட் விற்ற நாட்டில், 1984-ல் விற்றது வெறும் 5.4 கோடி. எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற படங்களுக்கு எமனாக வந்த டிவி, பாண்டுக்கு மட்டும் வேறு வழியில் கைகொடுத்தது. 1975 அக்டோபரில் ஐடிவி சேனல் முதன்முதலாக ‘டாக்டர் நோ’வை ஒளிபரப்பியது. 1980 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை ‘லிவ் அண்டு லெட் டை’ போட்டபோது அதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 35 லட்சம் பேர். பிரிட்டிஷ் டிவியில் ஒரு சினிமாவுக்குச் சேர்ந்த மிகப் பெரிய கூட்டம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், வங்கி விடுமுறைத் திங்கள் என்று எது வந்தாலும் ஐடிவியில் ஒரு பாண்ட் படம் இருக்கும். வயிறு முட்ட வான்கோழி தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்து பாதிப் படத்தில் குறட்டை விடும் அப்பா, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கெடுக்கும் அண்ணன். இப்படித்தான் இரண்டு தலைமுறை பாண்டைப் பார்த்தது. ‘உனக்கு எந்த பாண்ட்?’ என்று கேட்டு ஒருவருடைய வயதைக் கண்டுபிடித்துவிடலாம்.

என்னைக் கேட்டால், தாய்நாட்டுக்கும் பாண்டுக்கும் உள்ள உறவை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால், 1977-ல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’யின் தொடக்கத்தைத்தான் போடுவேன். ரஷ்யர்கள் துரத்த, மஞ்சள் உடையில் பனிச்சறுக்கிக்கொண்டு வரும் பாண்ட் மலை விளிம்பைத் தாண்டிப் பாய்கிறார். இசை சட்டென்று நிற்கிறது. கீழே பாதாளம். சறுக்குக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் காலிலிருந்து கழன்று விழுகின்றன. கேமரா வெட்டவே இல்லை. விழுகிறார், விழுகிறார், விழுந்துகொண்டே இருக்கிறார். பிறகு ஒரு பாராசூட் விரிகிறது. அதன் முழு அகலத்துக்கும் பிரிட்டனின் யூனியன் ஜாக் கொடி! நிஜத்தில் குதித்தவர் ரிக் சில்வெஸ்டர் என்ற அமெரிக்க ஸ்டன்ட் வீரர். இடம் கனடாவின் பாஃபின் தீவில் இருக்கும் ஆஸ்கார்ட் மலை.

யோசித்துப் பாருங்கள். ரகசிய உளவாளி எவனாவது நாட்டுக் கொடியை முதுகில் கட்டிக்கொண்டு போவானா? அந்த அபத்தம்தான் ஜோக். அந்த ஜோக்கில்தான் தியேட்டர் ஆரவாரித்தது. முந்தின வருஷம் பிரிட்டன் திவாலாகும் நிலைக்குப் போய் சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டு நின்றிருந்தது. படம் வந்த வருஷம் எலிசபெத் ராணி அரியணை ஏறியதன் வெள்ளி விழா. கஜானா காலி, தெருவெல்லாம் தோரணம். அந்த நேரத்தில் மலை உச்சியிலிருந்து தலைகுப்புற விழும் ஒருவருக்குக் கடைசி நொடியில் கொடி விரிந்தால் எந்த ஊரில்தான் கைதட்ட மாட்டார்கள்?

அதே ராணி 35 வருஷம் கழித்து அந்த ஜோக்கில் தானே பங்கெடுத்தார். 2012 ஜூலை 27, லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா. இயக்கியவர் டேனி பாயில். கிரெய்க் பாண்டாகவே பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் நடந்து போகிறார். காலைச் சுற்றி கோர்கி நாய்கள். எழுதிக்கொண்டிருக்கும் ராணி கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத் திரும்பி, ‘மாலை வணக்கம், மிஸ்டர் பாண்ட்’ என்கிறார். தனக்கும் ஒரு வசனம் வேண்டும் என்று ராணியே கேட்டு வாங்கினாராம். பிறகு ஹெலிகாப்டரிலிருந்து இருவரும் மைதானத்துக்கு மேலே குதிக்கிறார்கள். ராணி வேஷத்தில் அதே நிற கவுன் போட்டுக்கொண்டு குதித்த ஸ்டன்ட் வீரரின் பெயர் கேரி கானரி. ஷான் கானரிக்குச் சொந்தமில்லை. நிஜ மகாராணியும் பொய் உளவாளியும் ஒரே சட்டகத்தில் நின்றதைப் பார்த்து நாடே சிரித்தது, பூரித்தது. இரண்டையும் பிரிக்க முடியாது.

கிண்டலுக்கு என்றே அங்கே ஒரு தனிப் பரம்பரை இருக்கிறது. இரண்டு படம் வந்து மூன்றாவது வரும் முன்பே, 1964-ல், ‘கேரி ஆன் ஸ்பையிங்’ என்று ஒரு பகடிப் படம் வந்துவிட்டது. ரோவன் அட்கின்சனின் ‘ஜானி இங்கிலீஷ்’ நமக்கெல்லாம் தெரியும். அதற்குக் கதை எழுதியவர்களில் நீல் பர்விஸ், ராபர்ட் வேட் இருவரும் அசல் பாண்ட் படங்களையே எழுதிக்கொண்டிருந்தவர்கள். அட்கின்சன் சினிமாவுக்கு வந்ததே, கானரி வேறொரு தயாரிப்பாளருக்காக மறுபடி பாண்ட் ஆன 1983-ன் ‘நெவர் சே நெவர் அகைன்’ படத்தில் தூதரகத்து அசட்டு அதிகாரியாகத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1958-லேயே பால் ஜான்சன் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பாண்ட் நாவலைக் கிழித்துத் தொங்கப்போட்டார். காமம், பணக்காரத் திமிர், கொடூரம் மூன்றையும் கலந்த சரக்கு என்பது அவர் தீர்ப்பு. உளவுத்துறையில் வேலை பார்த்த ஜான் லெ காரே, பாண்டை உளவாளி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. தமாஷ் என்ற போர்வைக்குள் எதையெல்லாம் ஒளித்துக் கொண்டுவரலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1983-ல் வந்த ‘ஆக்டோபஸி’. உதய்ப்பூரில் எடுத்த படம். சென்னையின் டென்னிஸ் நட்சத்திரம் விஜய் அமிர்தராஜ் அதில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் இந்தியக் கிளை ஆளாக, விஜய் என்ற பெயரிலேயே வருவார். படித்துறையில் பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்து, பாண்ட் வந்து இறங்கியதும் மகுடியில் பாண்ட் படத்தின் தீம் இசையை வாசிப்பார். ஆட்டோ சேஸிங்கில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார். ரசிக்கலாம். ஆனால் அதே சேஸிங்கில் முள்படுக்கை சாமியார், நெருப்பை விழுங்குபவர் என்று இங்கிலாந்துக்காரர் கனவு காணும் இந்தியா முழுதும் வரிசை கட்டி வரும். சூதாட்டத்தில் ஜெயித்த ரூபாய்க் கட்டை இந்திய சகாவிடம் கொடுத்து, கொஞ்ச நாளைக்குக் கறிக்குழம்புக்கு ஆகும் என்கிற மாதிரி ரோஜர் மூர் ஒரு ஜோக் அடிப்பார். லண்டனில் சிரித்திருப்பார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. விஜயும் பாதிப் படத்திலேயே செத்துப்போவார்.

அந்தத் தீம் இசைக்குப் பின்னாலும் ஓர் இந்திய வாசனை உண்டு. மான்டி நார்மன் அந்த மெட்டை முதலில் போட்டது பாண்டுக்காக அல்ல. டிரினிடாட் இந்தியர்களைப் பற்றி வி.எஸ்.நைபால் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை இசை நாடகமாக்க நினைத்துப் போட்டு, பிறகு மேஜைக்குள் வைத்துவிட்ட மெட்டு. அதைத்தான் ‘டாக்டர் நோ’வுக்கு எடுத்துக் கொடுத்தார். ஜான் பேரி அதற்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் பித்தளை வாத்தியங்களும் சேர்த்து முறுக்கேற்றினார். அசல் இசையமைப்பாளர் யார் என்ற தகராறு கோர்ட் வரை போய், 2001-ல் நார்மன் ஜெயித்தார்.

அரசாங்கம் பாண்டை எப்படி நடத்தியது என்பது தனிக் கதை. ஒரு காலத்தில் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்து, பிரிட்டனில் எடுத்த படங்களுக்கு வசூலுக்கேற்பப் பிரித்துக் கொடுக்கும் ‘ஈடி லெவி’ என்ற ஏற்பாடு இருந்தது. ப்ரோக்கலியும் சால்ட்ஸ்மேனும் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் கூடாரம் போட அதுவும் ஒரு காரணம். 1976-ல் அங்கே கட்டிய 007 அரங்கு அப்போது உலகிலேயே பெரியது. அது இரண்டு முறை தீப்பிடித்து எரிந்து, இரண்டு முறையும் எழும்பி நிற்கிறது. நிஜ எம்.ஐ.6-ஐ எடுத்துக்கொண்டால், அப்படி ஒரு துறை இருப்பதையே 1994-ல்தான் சட்டம் போட்டு ஒப்புக்கொண்டார்கள். உலகம் முழுக்க சினிமாவில் பார்த்துவிட்ட ஒன்றை ‘அப்படி ஏதும் இல்லை’ என்று வெகுகாலம் சாதித்தார்கள். 1999-ல் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் அதன் தலைமையகத்தை ஒட்டிப் படகுச் சண்டை எடுக்க அதிகாரிகள் தயங்கியபோது, வெளியுறவு அமைச்சர் ராபின் குக் பச்சைக்கொடி காட்டினார். பாண்ட் பிரிட்டனுக்குச் செய்ததற்கு நாம் இதையாவது செய்ய வேண்டாமா என்பது அவர் கட்சி. 2014 முதல் 2020 வரை எம்.ஐ.6 தலைவராக இருந்த அலெக்ஸ் யங்கரோ, பாண்ட் இன்று வேலைக்கு மனுப் போட்டால் தன் போக்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னார். அரசு மரியாதைக்கும் குறைவில்லை. நாவலில் பாண்டுக்கு சி.எம்.ஜி. என்ற விருது உண்டு. 2022 புத்தாண்டுப் பட்டியலில் கிரெய்க்குக்கு வேறெதுவும் தராமல் அதே சி.எம்.ஜி.யைக் கொடுத்தார்கள். ஜோக் அங்கே எந்த மட்டம் வரை போகிறது பாருங்கள்.

அந்தக் கிரெய்க்கைத்தான் 2005 அக்டோபரில் அறிமுகப்படுத்தியபோது பந்தாடினார்கள். தேம்ஸில் படை வீரர்களின் விரைவுப் படகில் வந்து இறங்கியவர், பாதுகாப்புக்காக லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தார். தொலைந்தது! ‘பாண்டுக்கு எதற்கு லைஃப் ஜாக்கெட்?’ முடி பொன்னிறம், உயரம் போதாது, முகம் வில்லன் மாதிரி. ‘டெய்லி மிரர்’ பத்திரிகை அவரைச் சப்பென்ற ஆள் என்று தலைப்பிலேயே கலாய்த்தது. அடுத்த வருஷம் ‘கேசினோ ராயல்’ வந்தது. பிரிட்டனில் அதுவரை வந்த எந்த பாண்ட் படத்தையும்விட அதிகமாக வசூலித்தது. திட்டியவர்களே போய்ப் பார்த்தார்கள். சொந்தம் இருக்கிற இடத்தில்தானே இவ்வளவு சண்டை வரும்.

கொரோனா காலத்தில் அந்தச் சொந்தத்தின் எடை தெரிந்தது. 2020 ஏப்ரலில் வர வேண்டிய ‘நோ டைம் டு டை’ நவம்பருக்குத் தள்ளிப்போனது. பிறகு அடுத்த ஏப்ரலுக்கு. இந்த இரண்டாவது அறிவிப்பு வந்த சில நாளிலேயே சினிவேர்ல்டு நிறுவனம் பிரிட்டனில் இருந்த தன் 127 தியேட்டர்களையும் தற்காலிகமாக மூடியது. இந்த ஒரு படத்தை நம்பித்தான் அந்தக் குளிர்காலத்தைத் தள்ள நினைத்திருந்தார்கள். ஒருவழியாக 2021 செப்டம்பர் 28-ம் தேதி ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிரீமியர் நடந்தபோது, அரச குடும்பத்தோடு மருத்துவப் பணியாளர்களையும் ராணுவத்தினரையும் அழைத்து உட்கார வைத்தார்கள். அந்தப் படத்தில் பாண்டைக் கொன்றே விட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் அடுத்த கணம் கேட்ட கேள்வி, ‘அடுத்த பாண்ட் யார்?’ சூதாட்டக் கடைகள் அதன் மேல் பந்தயம் வாங்குகின்றன. ஆள் அறிவிக்கப்படும் வரை வாங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இப்போது வீட்டில் கொஞ்சம் கலக்கம். பாண்ட் படங்களை வைத்திருந்த எம்.ஜி.எம். நிறுவனத்தை 2022-ல் சுமார் 850 கோடி டாலருக்கு அமேசான் வாங்கியது. படத்தில் என்ன இருக்க வேண்டும், யார் நடிக்க வேண்டும் என்கிற பிடி மட்டும் ப்ரோக்கலியின் மகள் பார்பரா கையிலும் வளர்ப்பு மகன் மைக்கேல் வில்சன் கையிலும் இருந்தது. 2025 பிப்ரவரி 20-ம் தேதி அதையும் அமேசானிடம் ஒப்படைப்பதாக அறிவித்துவிட்டார்கள். அன்றே அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ், அடுத்த பாண்டாக யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று சமூக வலைதளத்தில் கேள்வி போட்டார். ராக்கெட் விடும் மொட்டைத்தலைக் கோடீஸ்வரர் பாண்டைக் கைப்பற்றினால் பிரிட்டிஷ்காரர்கள் என்ன ஜோக் அடித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘அமெரிக்காக்காரன் கையில் போய்விட்டதே’ என்கிற புலம்பலில் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் முழுதாக இல்லை. முதல் நாளிலிருந்தே பணம் அந்தப் பக்கத்துப் பணம்தானே! மாறியது வேறு. ப்ரோக்கலி குடும்பம் பாண்டை ஒரு குலத்தொழிலாக நடத்தியது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு படம், சில சமயம் ஆறு வருஷ இடைவெளி, கிளைக்கதை டிவி சீரியல்களுக்கு அநேகமாக இடமில்லை. விழா மாதிரி எப்போதாவது வந்ததால்தான் அதற்கு மவுசு. மாதச் சந்தா கட்டினால் வாராவாரம் வருகிற ஒன்றாக அது மாறிவிடுமோ என்ற பயம் நியாயமானது.

2025 ஜூனில் அமேசான் இயக்குநரை அறிவித்தது. ‘டியூன்’ எடுத்த டெனி வில்னவ். சால்ட்ஸ்மேன் மாதிரி அவரும் கனடாக்காரர். திரைக்கதைக்கு ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரின் ஸ்டீவன் நைட், பர்மிங்ஹாமில் வளர்ந்தவர். லண்டன் பப்களில் இந்தப் பெயர்களைப் பற்றிப் பெரிதாகத் தகராறு இல்லை. யார் வேண்டுமானாலும் பணம் போடட்டும், யார் வேண்டுமானாலும் இயக்கட்டும். நடிகர் மட்டும் அமெரிக்கராக இருந்துவிட்டால் தெரியும் சேதி.